மாதா தாண்டிப் போகும் வாசல்

எங்கள் தெருவில் கத்தோலிக்க வீடுகள் பதினான்கு. பதினான்கும் சேர்ந்து ஓர் அன்பியம். பங்குக்கோவிலைச் சேர்ந்த தெருக்களை இப்படிச் சின்னச் சின்னக் கூட்டங்களாகப் பிரித்து, வாரம் ஒரு வீடு என்று கூடி ஜெபம் சொல்வது வழக்கம். ஜெபம் பாதி, பேச்சு பாதி. யாருக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, யார் மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனார்கள், எல்லாம் அங்கேதான் தெரியவரும். நான் அதற்குச் செயலாளர். வீட்டுப் பெயர்கள் எழுதிய நோட்டை வேறு யாரும் கையில் வாங்காததால்.

பதினைந்தாவதாக ஒருவர் வருவார். அண்ணாச்சி. என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஆழ்வார்திருநகரிப் பக்கத்து ஆற்றங்கரை ஊர்க்காரர். தூத்துக்குடியில் முப்பது வருஷம் பலசரக்குக் கடை வைத்திருந்து, மனைவி போனபிறகு கடையைக் கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தார். ஒரே மகள், சென்னையில். ஜெபத்துக்கு நாற்காலிகளை அவர்தான் சுமந்து வருவார். வாசலோரம் உட்கார்ந்து, நாங்கள் முழங்காலில் நிற்கும்போது மட்டும் எழுந்து நிற்பார். நெற்றியில் நாமம், கையில் விசிறி.

"அண்ணாச்சி, எங்க ஆளுவளவிட நீங்கதான் ஒழுங்கா வாரீங்க. ஞானஸ்நானம் ஒண்ணுதான் பாக்கி" என்பாள் முனை வீட்டு அக்கா. மீன் வியாபாரம் செய்தவள். குரலைத் தணிக்கத் தெரியாது.

"வேண்டாம் தாயி. எனக்குத் தலையில தண்ணி ஊத்துனா ஆகாது, சளி பிடிச்சுக்கிடும்."

"அப்ப எதுக்கு வாரீங்க?"

"உங்க மாதாவும் நானும் பக்கத்துவீட்டுப் பழக்கம்."

பழக்கம்தான். அக்டோபரில் ஜெபமாலை மாதம். மாதா சுரூபத்தை ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பாடிக்கொண்டே எடுத்துப்போவோம். முனை வீட்டில் தொடங்கும். அங்கிருந்து தையல்கார வீடு, மாடி வீடு, லாரிக்காரர் வீடு, பிறகு என் வீடு. லாரிக்காரர் வீட்டிலிருந்து என் வீட்டுக்கு வரும் வழியில் அண்ணாச்சி கேட்டைத் திறந்துவைத்து நிற்பார். பிச்சிப்பூ மாலையோடு. சுரூபம் நிற்கும். மாலையைப் போடுவார், கும்பிடுவார், செருப்பில்லாத காலோடு நாலடி கூட வருவார். சுரூபம் என் வீட்டுக்குள் வந்துவிடும். உள்ளே வாருங்கள் என்று அவரும் கேட்டதில்லை. வரட்டுமா என்று நாங்களும் கேட்டதில்லை. அதை இரண்டு பக்கத்து மரியாதை என்று நினைத்திருந்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். மரியாதையில் குற்றமில்லை.

மார்கழி பிறந்த ஞாயிற்றுக்கிழமை மழை பிடித்தது. பிடித்தது என்றா சொல்வது? வானம் வானமாகவே இல்லை. முனை வீட்டு அக்கா குடையோடு கடற்கரை வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்து தெருவுக்கே சொன்னாள்: "கடல் சும்மாதான் கெடக்கு. ஒண்ணும் வராது, போய்ப் படுங்க."

கடற்கரைச் சனம் நாங்கள். பயம் வந்தால் கிழக்கே பார்ப்போம். சுனாமிக்குப் பிறகு சொல்லவே வேண்டாம், தூக்கத்தில்கூடக் காது கிழக்கே இருக்கும். தண்ணீர் மேற்கிலிருந்து வந்தது. குளங்கள் உடைந்து, வயலைத் தாண்டி, தண்டவாளத்தைத் தாண்டி, செம்மண் நிறத்தில், முதுகுப்பக்கமாக. திங்கட்கிழமை விடியும்போது கட்டிலின் கால் மறைந்திருந்தது. முகம் கழுவிவிட்டுத் திரும்புவதற்குள் கட்டிலே மிதந்தது.

வீட்டுக்காரர் கப்பல் வேலையில் வெளிநாட்டில். நான் மட்டும். லாரிக்காரர் பின்பக்கச் சந்தில் கயிறு கட்டி, தன் வீட்டாரோடு என்னையும் இழுத்துக்கொண்டு போனார். இடுப்பளவு, சில இடங்களில் மார்பளவு. அந்தச் சந்திலிருந்து பார்த்தால் அண்ணாச்சி வீட்டின் பின்சுவர் தெரியும். அதில் ஜன்னல் இல்லை. நான் கூப்பிட்டேனா? இந்த ஒரு கேள்வியை என்னிடம் நானே எத்தனை விதமாகக் கேட்டுவிட்டேன். கூப்பிடவில்லை. ஒரு பை, செருப்பு, கயிறு, காலுக்கடியில் என்னவோ வழுக்கியது. அவ்வளவுதான் என் மனதில் இருந்தது.

கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடத்து மாடியில் எல்லாரும் சேர்ந்தோம். மதம் கேட்டு யாரையும் ஏற்றவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். எந்தத் தெருவிலிருந்தோ வந்த பாய் குடும்பம் ஒன்று, உப்பளத்து வேலைக்காரர்கள், மாலை போட்ட ஐயப்பசாமிகள் நான்கு பேர். திருவிழாச் சமையலுக்கு வைத்திருந்த அண்டாவைக் கழுவிக் கஞ்சி வைத்தார்கள். ஐயப்பசாமிகளுக்குத் தனியாக ஒரு மூலை, தனியாக ஒரு சட்டி, எங்கள் பாதிரியார் பங்குச்சாமி சொல்லி. எடுத்து வந்த பொருளை ஒருவருக்கொருவர் காட்டிச் சிரிக்கவும் செய்தோம். தையல்காரர் கல்யாண ஆல்பத்தை விட்டுவிட்டு கேஸ் ரெகுலேட்டரைக் கொண்டுவந்திருந்தார். "அடுப்பு இல்ல, சிலிண்டர் இல்ல, இத வச்சு என்ன செய்வீரு?" என்று அக்கா கேட்க, அவர் அழுதுவிட்டார்.

மத்தியானம் தருவைகுளத்திலிருந்து லாரிகளில் படகு வந்து இறங்கியது. ஃபைபர் படகுகள். கடலில் கண்ணை மூடிக்கொண்டு போகிறவர்கள் தெருவில் திணறினார்கள். என்ஜின் போட்டால் கேபிள் ஒயர் சுற்றிக்கொள்கிறது, முங்கிக் கிடக்கும் ஸ்கூட்டரில் முட்டுகிறது. கழியை ஊன்றித்தான் தள்ளினார்கள். எல்லாத் தெருவுக்கும் போகப் படகு போதாது. அதனால் பங்குச்சாமி ஒவ்வொரு அன்பியமாகக் கூப்பிட்டுக் கேட்டார்: யார் வந்தாச்சு, யார் வரவில்லை?

என் நோட்டு தண்ணீரில். நான் கண்ணை மூடி, மாதா போகும் வழியில் போனேன். முனை வீடு, வந்தாச்சு. தையல் வீடு, வந்தாச்சு. மாடி வீடு, அவர்கள் மாடியிலேயே இருக்கிறார்கள், ரொட்டி மட்டும் அனுப்பினால் போதும். லாரிக்காரர் வீடு, இதோ. என் வீடு, இதோ நான். விரல்விட்டு எண்ணி, பதினான்காவது விரலில் நிறுத்தினேன்.

"எங்க தெரு முடிஞ்சுது சாமி."

படகு அடுத்த தெருவுக்குப் போனது.

செவ்வாய்க்கிழமையும் தண்ணீர் இறங்கவில்லை. சிக்னல் மொட்டைமாடியின் ஒரு மூலையில் மட்டும் எட்டிப்பார்த்தது. அங்கே நின்றுகொண்டு ஒரு இளைஞர் கூட்டம் வெளியூரிலிருந்து வரும் அழைப்புகளை வாங்கிப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. ஐந்து நொடி கேட்கும், அறுந்துவிடும். முற்பகலில் மேலேயிருந்து ஒரு பெண் எங்கள் தெருப் பெயரைச் சொல்லிக் கத்தினாள்: "அக்கா! உங்க தெரு எல்லாரும் பத்திரமா?"

"எல்லாரும் வந்தாச்சு!" என்று நானும் கத்தினேன். கையில் கஞ்சிக் கரண்டி.

கேட்டது யார் என்று நான் கேட்கவில்லை.

புதன்கிழமை தண்ணீர் இடுப்புக்குக் கீழே இறங்கியது. வீடு எப்படி இருக்கிறது என்று பார்க்க, ரொட்டி கொண்டுபோன படகில் தொற்றிக்கொண்டேன். தெரு நாறியது. அண்ணாச்சியின் கேட்டுக்கு முன்னால் படகு வந்தபோது கேட்டின் கொண்டியைப் பார்த்தேன். உள்பக்கமாகப் போட்டிருந்தது.

வெளியே போனவர் உள்ளே கொண்டி போடுவாரா?

"அண்ணாச்சி" என்றேன். அப்புறம் கத்தினேன். படகுக்காரர் இருவர் கதவை உடைத்தார்கள். அடுப்படிக்கு மேலே பாத்திரம் வைக்கும் சிமெண்டுப் பரணில், சுவரில் சாய்ந்து, துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படகுக்காரரில் மூத்தவர் தொட்டுப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பாமல், "நீங்க வெளிய நில்லுங்கம்மா" என்றார்.

மகள் வெள்ளிக்கிழமைதான் வந்து சேர முடிந்தது. ரயில் இல்லை, சாலை அறுந்து கிடந்தது. கருவுற்றிருந்தாள். என்னைக் கண்டதும் என் கைகளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எப்படிக்கா? நான் செவ்வாய்க்கிழமை சர்ச்சுக்குப் போன் பண்ணுனேனே. உங்க தெருவுல எல்லாரும் பத்திரமா இருக்காங்கன்னு சொன்னாங்களே. அப்பாவும் உங்ககூடத்தான்னு நிம்மதியா இருந்தேனே. அப்புறம் யாருக்குமே அடிக்கலியே நான்."

அப்போது என் வாயில் ஒரு வாக்கியம் வந்தது. எங்கிருந்து வந்ததோ. "மார்கழி ஒண்ணாந்தேதி பெருமாளப் பாக்க ஊருக்குப் போவேன்னு சொல்லிட்டு இருந்தாரும்மா. போயிருப்பாருன்னு நெனச்சிட்டோம்."

அவர் அப்படிச் சொன்னது உண்மை. நாங்கள் நினைத்தது உண்மையில்லை. போயிருப்பார் என்று நினைக்க வேண்டுமானால் அவரை நினைத்திருக்க வேண்டும். நான் நினைக்கவே இல்லை. மூன்று நாள், ஒரு சுவர் தள்ளி இருந்த மனிதர் என் நினைவின் வழியில் வரவில்லை. மாதா நின்று மாலை வாங்கிக்கொண்டு தாண்டிப்போகும் வாசல் அது. நானும் தாண்டினேன். மாலைகூட வாங்காமல்.

கூட்டத்தில் யாரோ அவளைத் தேற்ற, "தண்ணி ஏறும்போதே நெஞ்சு அடைச்சிருக்கும், திங்கக்கிழமை காலையிலேயே போயிருப்பாரு, கஷ்டப்பட்டிருக்க மாட்டாரு" என்றார்கள். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். முழுகுகிறவள் பிடிப்பதுபோல.

அடுத்து வந்த நாட்களில் நாங்கள் பெண்கள் சேர்ந்து நாளுக்கு ஒரு வீடாகக் கழுவினோம். சேறு முழங்கால் வரை. தென்னை ஈர்க்குமாறு, பிளீச்சிங் பவுடர், வாளி. பதினான்கு வீட்டோடு அண்ணாச்சி வீட்டையும். இந்த முறை யாரும் மறக்கவில்லை. முதல் வீடாகவே அதை வைத்தோம். ஸ்டூலைப் போட்டுப் பரணைத் துடைக்க ஏறியது நான். காலியான தண்ணீர் பாட்டில். டார்ச். பக்கத்தில் சுவரோடு சாத்தி வைத்த தினசரி காலண்டர்.

தண்ணீர் ஏறும்போது மனிதன் எதை எடுப்பான்? அவர் காலண்டரை எடுத்திருந்தார். காலையில் தாளைக் கிழிக்காமல் காபி இறங்காது அவருக்கு. முன்கூட்டியே கிழிக்கவும் மாட்டார், "வராத நாளை நாம எப்படிக் கிழிக்க?" என்பார். கிழித்த இரண்டு தாளும் நாலாக மடித்து பாட்டிலுக்கு அடியில் இருந்தன. ஞாயிறு. திங்கள். மேலே நின்ற தாள், செவ்வாய்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததை அவர் பார்த்திருக்கிறார்.

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். "ஏளா, என்ன முழிக்க?" என்று கேட்டாள் அக்கா. ஒன்றுமில்லை என்றேன். காலண்டரைச் சேலைக்குள் வைத்து என் வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மகள் சென்னைக்குத் திரும்பினாள். மாதம் ஒருமுறை கூப்பிடுவாள். குழந்தை பிறந்ததைச் சொன்னாள். ஒவ்வொரு முறையும் நன்றி சொல்வாள். "நீங்க எல்லாம் இல்லேன்னா அப்பா வீட்டுக்குள்ள நான் கால வச்சிருக்க முடியாதுக்கா. சொந்தக்காரங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்க." போனை வைத்தபிறகு நான் தெருவில் நடப்பேன். முனைக்கும் ரயில்வே கேட்டுக்கும், திரும்பவும் முனைக்கும்.

பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்கால் போட்டுச் சொன்னேன். பங்குச்சாமி நல்லவர். அவரும் அந்த மூன்று நாள் தூங்காதவர். "மகளே, இது பாவம் இல்ல. தவறு. அந்த நெருக்கடியில யாருக்கும் வரக்கூடியது."

"சொல்லிரணுமா சாமி?"

"சொன்னா அந்தப் பொண்ணுக்கு என்ன கிடைக்கும்? இருக்கிற ஆறுதலும் போயிரும்."

"திதி தப்பா இருக்கு சாமி. அவ திங்கக்கிழமைன்னு வச்சிருக்கா. அது சஷ்டி. செவ்வாய் சப்தமி. நான் வாயத் திறக்கலேன்னா, வருஷா வருஷம் அவரு உசுரோட இருந்த நாளுக்கு அவருக்குப் பிண்டம் வைப்பாங்க."

எங்களுக்கு இறந்த தேதி என்றால் தேதி. அந்த நாளில் பூசை வைத்தால் முடிந்தது, ஒருநாள் முன்பின் ஆனாலும் ஆண்டவருக்குத் தெரியும் என்று விட்டுவிடுவோம். அவர்களுக்கு அப்படியில்லை; பிறையைப் பார்த்துக் கணக்கிட்டு, அந்த ஆளுக்கு என்று உள்ள நாளில் கூப்பிட்டால்தான் வந்து வாங்குவார்கள். அண்ணாச்சியே ஒரு முறை நாற்காலி மடக்கும்போது மனைவியின் திதியைப் பற்றி எனக்கு இதைச் சொல்லியிருக்கிறார்.

வலைக்கம்பிக்கு அந்தப்பக்கமிருந்து சாமி சொன்னார்: "இது எனக்குத் தெரியாத விஷயம். தெரிஞ்சவங்ககிட்டதான் நீ பேசணும்."

பாவமன்னிப்புக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு வந்தேன்.

அடுத்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் முன்பு மகளே கூப்பிட்டாள். "அக்கா, அப்பாவுக்கு வருஷத்திதி. இந்த வருஷம் மார்கழி சஷ்டி தள்ளி வருது, உங்க புது வருஷமெல்லாம் கழிஞ்சு. ஊர்ல ஆத்தங்கரையில வச்சுக் குடுக்கோம். உங்க அன்பியத்து ஆளுங்க எல்லாரும் வரணும். வேன் நான் ஏற்பாடு பண்ணிருதேன். நீங்கதான் முன்னால நிக்கணும்."

"சஷ்டி இல்லம்மா" என்றேன்.

"என்னக்கா?"

"சப்தமி."

சொன்னேன். கொண்டியை, காலண்டரை, மடித்து வைத்திருந்த தாள்களை. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்ததாகச் சொன்னது பொய் என்பதை. மாதா வழியில் எண்ணியதைச் சொன்னபோது அது எனக்கே விளக்கம் சொல்வதுபோல் கேட்டது, பாதியில் நிறுத்திக்கொண்டேன். அந்தப்பக்கம் குழந்தை எதையோ தட்டிக்கொண்டே இருந்தது.

"அப்ப நான் போன் பண்ணும்போது அப்பா இருந்தாரா?"

"இருந்திருக்கலாம்."

"எல்லாரும் வந்தாச்சுன்னு சொன்னது யாரு?"

"நாந்தான்."

"அதுக்கப்புறம் எம்புட்டு நேரம் இருந்திருப்பாரு?"

"தெரியலம்மா."

"சத்தம் போட்டிருப்பாருல்லா" என்றாள், என்னிடம் இல்லை, வேறு யாரிடமோ. பிறகு குழந்தையின் சத்தமும் நின்றது. வைத்துவிட்டாள்.

அந்த வாரத்து ஜெபத்தில் எல்லாரிடமும் சொன்னேன். பதின்மூன்று வீட்டுக்காரர்களும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார்கள். நாற்காலிகளை இப்போது ஆளுக்கொன்றாகத் தூக்கி வருகிறோம்.

அக்காதான் வெடித்தாள். "எதுக்குளா சொன்ன? முன்னாடியே கிழிச்சிருக்கலாம்லா? பயத்துல கை கிழிச்சிருக்கும். அந்தப் புள்ள நிம்மதியா இருந்துச்சு. நம்ம மேல ஒரு பாசமா இருந்துச்சு. எல்லாத்தையும் ஒரே போடா போட்டுட்டியே."

"முன்னாடி கிழிக்க மாட்டாருக்கா."

"எனக்கும் தெரியும் கிழிக்க மாட்டாருன்னு" என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. அந்தக் குரலில் அவள் பேசி நான் கேட்டதில்லை. "எனக்கும்தான் அவரு ஞாபகம் வரல. நானும் அந்தப் பள்ளிக்கூடத்து மாடியிலதான இருந்தேன். நீ எண்ணும்போது பக்கத்துலதான இருந்தேன்."

நான்கு நாள் கழித்து அக்காவின் போனுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. என் போனுக்கு இல்லை. அக்கா எனக்குப் போட்டுக் காட்டினாள். அதே பெண்ணின் குரல், வறண்டு: "ஆன்ட்டி, தேதிய மாத்திட்டோம். சப்தமிக்குத்தான் குடுக்கோம். வேன் அன்னைக்குக் காலையில ஏழு மணிக்கு வரும். எல்லாரும் வாங்க. அந்த அக்கா மட்டும் வர வேண்டாம்னு சொல்லிருங்க. தப்பா நினைக்கலன்னும் சொல்லுங்க." கடைசியாக, "இல்ல, அத சொல்ல வேண்டாம்."

புது வருஷம் கழிந்து, அந்தச் சப்தமி காலை வேன் வந்து நின்றது. பதின்மூன்று வீட்டிலிருந்தும் ஏறினார்கள். லாரிக்காரர் மனைவி என் வாசலைப் பார்த்துக் கையை ஆட்டவா வேண்டாமா என்று பாதியில் நிறுத்தினாள். நான் உள்ளே போய்விட்டேன். அன்றைக்கு வேலைக்கு லீவு போட்டிருந்தேன். எதற்கு என்று தெரியவில்லை. தெரு முழுக்கப் பூட்டுத் தொங்கியது. பத்து மணி, பதினொன்று. இந்நேரம் ஆற்றில் இறங்கியிருப்பார்கள். எள்ளும் தண்ணீரும் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். தண்ணீர் இப்போது மணல் தெரிய ஓடிக்கொண்டிருக்கும், ஒன்றும் அறியாததுபோல. ஜெபமாலையை எடுத்தேன். மணியை நகர்த்தும்போது எண்ணுகிறோம் என்ற நினைப்பு வந்துவிடுகிறது எனக்கு, இப்போதெல்லாம். வைத்துவிட்டேன். அவர் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொன்னேன். முழுப்பெயர். இருபது வருஷம் அண்ணாச்சி என்றே கூப்பிட்டவரின் பெயர், என் வாய்க்குப் பழகாமல் இருந்தது. திரும்பச் சொன்னேன்.

சாயங்காலம் வேன் திரும்பியது. அக்கா நேரே என் வீட்டுக்கு வந்தாள். கால் முழுக்க ஆற்று மணல். கையில் வாழையிலையில் சுற்றிய பொட்டலம்.

"நல்லா நடந்துச்சு. பேரன் தாத்தா மூஞ்சி, அப்படியே. அவ ஆத்துக்குள்ள இறங்கி ரொம்ப நேரம் ஏறி வரல. நாங்கதான் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தோம்."

"என்னைக் கேட்டாளா?"

"இல்ல."

பொட்டலத்தை நீட்டினாள். உளுந்தவடை இரண்டு, கொஞ்சம் பாயசம் கசிந்திருந்தது.

"அவ குடுத்துவிட்டாளா?"

அக்கா என்னைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் எடுத்ததையும் பார்த்தேன்.

"இல்லளா. என் எலையில இருந்தது. நானா எடுத்துட்டு வந்தேன்."

வாங்கிக்கொண்டேன்.